வீட்டுக்கொரு காற்றாலை: கண்டிக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

தென்மேற்குப் பருவக்காற்று ஹந்தானை மலைமுகட்டைக் கடந்து வீசும் நாள்களில், கூரைத் தகரம் அதிர்வதைக் கேட்டு, 'இக்காற்றினாலேயே வீட்டு விளக்கை ஏற்றினால் என்ன?' என்று எண்ணுவோர் பலர். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட குடும்பங்களில் இவ்வெண்ணம் தோன்றுவது இயல்பே. ஆயினும் பணத்தைச் செலவிடுமுன் அறிய வேண்டியவை சில உள.

காற்றை வேலைக்கு அமர்த்துவது நம் நாட்டிற்குப் புதிதன்று. சமனலவெவப் பகுதியில் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த கொல்லர்கள், இரும்பு உருக்கும் உலைகளை மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் அமைத்தனர். துருத்தியின்றிப் பருவக்காற்றே அவ்வுலைகளை மூட்டிற்று. கில் ஜூலெஃப் என்னும் தொல்லியலறிஞர் அத்தகைய உலையொன்றை மீண்டும் கட்டி இரும்பு உருக்கிக் காட்டி, 1996இல் அதனை உலகறியச் செய்தார். அக்கொல்லர் முதலில் தேர்ந்தது இடத்தையே. நாமும் அதனையே முதலிற் செய்தல் வேண்டும்.

காரணம் யாதெனில், காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகிறது. 2 மீற்றர் விட்டமுள்ள சிறு காற்றாலையை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 6 மீற்றர் வேகத்தில் காற்று இடையறாது வீசினால், அதிலிருந்து ஏறத்தாழ 100 உவாற்று மின்சாரம் பெறலாம்; நாளொன்றுக்கு இரண்டு அலகுக்குச் சற்று மேல். ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கும் சில விளக்குகளுக்கும் இது போதும். வேகம் 3 மீற்றராகக் குறைந்தால் கிடைப்பது 12 உவாற்று மட்டுமே. ஒரு சிறு விளக்கிற்கே அது சரி. பல இயந்திரங்கள் அவ்வேகத்திற்குச் சுழலவும் தயங்கும்.

கண்டி மாநகர் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. அம்மலைகளே காற்றைத் தடுத்து, சிதறடித்துச் சுழலவைக்கின்றன. நாட்டின் பெரிய காற்றாலைகள் எங்கெங்கு எழுந்தன என்று பாருங்கள்: 1999இல் அம்பாந்தோட்டைக் கரையில், 2020இல் மன்னார்த் தீவில், 30 காற்றாலைகளாக, மலைநாட்டிலோ அம்பேவெலவின் திறந்த மேட்டுநிலத்தில். ஆகையால் வாவியருகே வாழ்வோர் காற்றாலையை நம்புதல் அரிது. மறைப்பில்லாத மலைமுகட்டில் நிலமுடையோர் சிந்திக்கலாம்.

அவ்வாறுள்ளோரும் காற்றுமானியொன்றை உயர்ந்த கம்பத்தில் பொருத்தி, இரு பருவக்காற்றுக் காலங்களும் அடங்க ஓராண்டு அளந்து பார்த்தல் நன்று. முகட்டு மரங்கள் யாவும் ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்திருப்பின் அஃதொரு நல்ல அறிகுறி.

அடுத்தது கோபுரம். 300 அடி சுற்றளவிலுள்ள மரங்களுக்கும் கூரைகளுக்கும் மேலாகக் குறைந்தது 30 அடி உயரத்தில் இறக்கைகள் சுழல வேண்டும். கூரைமேல் பொருத்தினால் அதிர்வு சுவரில் இறங்கும், உறக்கமும் கெடும். கோபுரம் விழநேரின் அயலார் வளவில் விழாதவாறு எல்லையிலிருந்து அதன் உயரத்தளவேனும் விலகி நிறுத்துக. இடிதாங்கியும் பழுதுபார்க்கச் சாய்க்கும் வசதியும் இன்றியமையாதன.

எல்லாவற்றிலும் முக்கியமானது மண். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்தில் நேர்ந்த மண்சரிவுகளை எவரும் மறந்திலர். சரிவான நிலத்தில் அத்திவாரம் தோண்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையை நாடுக. மின்சாரத்திற்காக வீட்டையும் உயிரையும் பணயம் வைத்தல் தகாது.

அளந்தபின் காற்றுப் போதாதெனத் தெரிந்தால் மனந்தளர வேண்டியதில்லை. கூரைமேல் சூரியத் தகடுகள் அசையும் உறுப்பின்றி வேலை செய்யும். வற்றாத நீரோடை அருகிலிருப்பின் சிறு நீர்ச்சுழலி இரவும் பகலும் உழைக்கும். காற்றுமானிக்குச் செலவிடும் சிறுதொகை, பயனற்ற கோபுரத்திற்குப் பெருந்தொகை கொடுப்பதிலிருந்து குடும்பத்தைக் காக்கும்.