அம்பிக்கே தெரியாத அம்பி!

திருவையாறு என்றதும் காவிரிக் கரையும், தியாகப் பிரம்மத்தின் சமாதியும், ஆராதனையில் பஞ்சரத்தினம் பாடும் கோஷ்டியும்தான் கண் முன்னே வரும். அந்த ஆராதனைப் பின்னணியில் ஒரு பாட்டுக் காட்சி, ஷங்கர் 2005-ல் டைரக்ட் செய்த 'அந்நியன்' படத்தில் உண்டு. பரம சாதுவான வக்கீல் அம்பியாக வரும் விக்ரம், நந்தினியிடம் (சதா) மனத்தைப் பறிகொடுக்கிறார்.

பாவம், அதே உடம்பில் மன்மதன் ரெமோவும் கொலைகார அந்நியனும் குடியிருப்பது அவருக்கே தெரியாது! இரவில் செய்தது விடிந்ததும் கனவாகக்கூட நினைவில் இல்லை. படத்தின் திகிலே அதுதான். காரணம்? மழைத் தண்ணீரில் பாய்ந்த மின்சாரம் தங்கையைப் பலி கொண்டதைச் சிறு வயதில் கண்ட அதிர்ச்சி.

இளமையில் பட்ட கொடுமை மனத்தைத் துண்டாக்கி, நினைவையும் மறைக்கக்கூடும் என்பதை மனநோய் வைத்தியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அவ்வியாதி வந்தவர் கொலையில் இறங்குவார் என்பது சினிமாக் கற்பனை. உண்மையில், அவர்கள் தங்களுக்கே தீங்கு செய்துகொள்ளும் அபாயம்தான் அதிகம்.

ஆகவே, வீட்டில் ஒருவர், "எனக்கு ஒன்றுமே நினைவில்லையே!" என்று அடிக்கடி விழித்தால், நடிப்பு என்று ஏச வேண்டாம், பேய் என்று வேப்பிலையும் தேட வேண்டாம். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கனவுக்கும் நனவுக்கும் நடுவே தவிப்பவருக்குத் துணை நிற்க ஒருவராவது வேண்டாமா?