விரலுக்கு என்ன விலை?

நீங்கள் உடுத்தியிருக்கும் நூல் புடவையின் தலைப்பைச் சற்றே தடவிப் பாருங்கள். அந்த இழை திண்டுக்கல் சீமையில் நூற்றதாகவும் இருக்கலாம், யார் கண்டது?

பூட்டுக்கும் புகையிலைக்கும் பேர்போன அந்த ஊரிலிருந்து வேடசந்தூர், வடமதுரை, ஒட்டன்சத்திரம் என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும், மானாவாரிக் காடுகளுக்கு நடுவே நூற்பாலைகள் தென்படும். உள்ளே வேலை செய்பவர்களில் இளம் பெண்கள் ஏராளம். மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று ஆசை காட்டிய ‘சுமங்கலித் திட்டம்’ நினைவிருக்கிறதா? இந்த வட்டாரத்து மில்கள் பலவற்றிலும் அது நடந்தது. நடுவில் கை நசுங்கி வீட்டுக்குத் திரும்பியவளுக்கு அந்தத் தொகை கிடைப்பது அரிது. என்ன பெயர் வைத்தார்கள் பாருங்கள்!

மில்லில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதை ஓடும் மிஷினிலேயே கையால் முடிய வேண்டும். உருளைகளில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். மிஷினை நிறுத்திவிட்டு எடுப்பதுதான் முறை. ஆனால், நிறுத்தினால் உற்பத்தி குறையும். மேஸ்திரி முகம் சுளிப்பார். ஆகவே ஓடும்போதே விரலை நுழைக்கிறாள். இரவு ஷிப்டில், தூக்கக் கலக்கத்தில், ஒரு கண நேரம் போதாதா? தலைமுடியும் துப்பட்டாவும் சிக்கிக்கொள்வதும் உண்டு. காயம் உண்டாகக்கூடிய இடத்தில் ஓடும் இயந்திரத்தைப் பெண்களைக்கொண்டு துடைக்கச் சொல்லக் கூடாது என்று 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே தடுத்திருந்தது. சட்டம் சுவரில் தொங்கும். பஞ்சு உருளையில் அல்லவா சுற்றுகிறது!

விரல் போனபின் என்ன? அதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது, சகோதரிகளே. 1923-ல் வந்த நஷ்டஈட்டுச் சட்டத்திலும், பிறகு வந்த ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் இருந்த பட்டியல்; 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவிகிதம் நஷ்டம். ஆள்காட்டி விரலுக்கு 14. நடுவிரலுக்கு 12. மோதிர விரலுக்கு 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50.

மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஈ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு ஆள்காட்டி விரல் போய்விட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் 90 சதவிகிதம், அதில் 14 சதவிகிதம். உத்தேசமாக மாதம் 1,500 ரூபாய், ஆயுள் உள்ளவரை. பெண் பார்க்க வருகிறவர்கள் கையைப் பார்த்துவிட்டுக் காபியை வைத்துவிட்டுப் போனால், அதற்குப் பட்டியலில் வரிசை கிடையாது.

அந்த 1,500-ம் தானாக வந்துவிடுமா? விபத்து மில்லில் நடந்தது என்று எழுத்தில் இருக்க வேண்டும். இங்கேதான் சூட்சுமம். தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் கட்டுப் போட்டு, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, “ஊருக்குப் போய் ஓய்வு எடும்மா” என்று அன்பொழுகச் சொன்னால் தாய் தகப்பன் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி ஏறாமலே பெண் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே காயம்பட்டாலும் ஈ.எஸ்.ஐ. உதவிக்கு உரிமை உண்டு என்பதும், காயம் ஆறும்வரை சம்பளத்தில் 90 சதவிகிதம் கிடைக்கும் என்பதும் அவர்களுக்கு யார் சொல்வார்கள்?

உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளின் மகளோ தங்கை மகளோ மில்லில் இருக்கக்கூடும். அவளுடைய ஈ.எஸ்.ஐ. எண்ணை வீட்டிலும் ஒரு காகிதத்தில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். காயம் பட்டால், எப்படிப் பட்டது, எந்த மிஷினில் என்று டாக்டர் சீட்டில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். வழக்கு என்று வந்தால் வக்கீலுக்குப் பணம் ஏது என்று மலைக்க வேண்டாம். 1987-ம் வருஷச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.