விமான நிலைய வாசலுடன் முடிந்துவிடுவதில்லை பயணம்

மத்திய கிழக்கு நாடொன்றில் பல வருடங்கள் உழைத்துவிட்டு நாடு திரும்பும் தாயொருவர் அதிகாலை இரண்டு மணிக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்குகிறார் என வைத்துக்கொள்வோம். அவரது ஊர் மூதூராக இருக்கலாம், மன்னாராக இருக்கலாம், மலையகத் தோட்டமொன்றாகவும் இருக்கலாம். பல்லாயிரம் மைல்களைச் சில மணித்தியாலங்களில் கடந்துவிட்ட அவருக்கு விமான நிலைய வாசலிலிருந்து வீடு வரையிலான பயணமே பெருஞ்சோதனையாக அமைந்துவிடுகின்றது. எந்த வரிசையில் நிற்பது, எங்கே பணம் மாற்றுவது, யாருடைய வாகனத்தில் ஏறுவது என்பனவற்றை முன்கூட்டி அறியாதவரிடமிருந்து அவரது உழைப்பின் ஒரு பகுதி அந்த ஒரே இரவில் கைநழுவிப் போய்விடக்கூடும். எனவேதான் சாதாரணமாகத் தோன்றும் இவ்விடயத்தைப் பற்றி இன்று சற்று விரிவாக நோக்க விழைகின்றோம்.

கட்டுநாயக்க விமான நிலையம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படையின் தளமாகத் தோற்றம் பெற்றது. ரத்மலானைக்குப் பதிலாக நாட்டின் பிரதான சர்வதேச விமான நிலையமாகப் பின்னர் வளர்ச்சி கண்டது. உலகின் பெரும் விமான நிலையங்களுடன் ஒப்பிடுகையில் இது நடுத்தர அளவினதே. ஆண்டொன்றுக்கு சுமார் 60 இலட்சம் பயணிகளுக்கென வடிவமைக்கப்பட்ட பயணிகள் முனையத்தை 2018 ஆம் ஆண்டில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் பயன்படுத்தினர். ஜப்பானின் கடனுதவியுடன் 2020 இல் ஆரம்பிக்கப்பட்ட இரண்டாவது முனையத்தின் நிர்மாணப் பணிகள் 2022 இன் பொருளாதார நெருக்கடியுடன் இடைநின்று போயின. நெரிசலுக்கான காரணத்தை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். அளவில் பெரிதல்லாத கட்டடமாதலால் அதற்குள் வழி தவறுவது அரிது. ஆனால் பல விமானங்கள் ஒரே வேளையில் வந்திறங்கும் நள்ளிரவு, அதிகாலை நேரங்களில் வரிசைகள் நீண்டுவிடுவதுண்டு.

வந்திறங்கும் பயணி முதலில் சந்திப்பது குடிவரவுப் பகுதியையாகும். இலங்கைக் கடவுச்சீட்டு உடையோருக்கும் வெளிநாட்டவருக்கும் தனித்தனி வரிசைகள் உள்ளன. புலம்பெயர்ந்து வேறு நாட்டுப் பிரஜாவுரிமை பெற்றுவிட்ட நம்மவர்கள், இலங்கைக் கடவுச்சீட்டு இல்லாதவிடத்து, வெளிநாட்டவர் வரிசையிலேயே நிற்றல் வேண்டும். அவர்கள் விசா அனுமதியை நாட்டைவிட்டுப் புறப்படுமுன்னரே பெற்றுக்கொள்வது நலம். அதற்கென அரசாங்கத்தின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தை மட்டுமே நாட வேண்டும். அதனைப் போன்றே தோற்றமளித்து மேலதிகப் பணம் அறவிடும் தளங்களும் இருக்கின்றன.

அடுத்தது பயணப்பொதிகளைப் பெறுமிடம். ஒரே நிறத்திலும் ஒரே அளவிலும் உள்ள பொதிகள் சுழல்பட்டியில் வரும்போது ஒருவருடையதை மற்றவர் எடுத்துச் செல்வது வழமையாக நிகழும் தவறு. உம்ரா, ஹஜ் கடமைகளை நிறைவேற்றிவிட்டுத் திரும்புவோரின் ஸம்ஸம் நீர்க் கொள்கலன்கள் யாவும் ஒன்றுபோலவே இருக்கும். பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தால் இச்சிக்கல் எழாது. பொதி வந்து சேரவில்லையெனில் மண்டபத்தைவிட்டு வெளியேறுமுன்னரே உரிய கருமபீடத்தில் முறையிட்டு எழுத்துமூலப் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளுதல் அவசியம். வெளியேறிய பின்னர் செய்யப்படும் முறைப்பாட்டின் வலு குறைந்துவிடும். பொதி அனுப்பும்போது விமானச்சீட்டுடன் ஒட்டித் தரப்படும் சிறு துண்டே இதற்கான ஆதாரம் என்பதால் அதனை எறிந்துவிடலாகாது.

சுங்கப் பகுதியில் பச்சை, சிவப்பு என இரு வழிகள் உள்ளன. வெளிப்படுத்த வேண்டிய பொருள் எதுவும் இல்லாதோர் பச்சை வழியாலும், உள்ளோர் சிவப்பு வழியாலும் செல்ல வேண்டும். சந்தேகம் இருப்பின் சிவப்பு வழியே பாதுகாப்பானது. மற்றொருவர் தரும் பொதியையோ நகையையோ 'வெளியே கொண்டுவந்து தாருங்கள்' என்ற வேண்டுகோளுக்கிணங்கி எடுத்து வருவது பேராபத்தை விளைவிக்கும். கையில் இருக்கும் பொருளுக்கு அதனைக் கொண்டு வருபவரே பொறுப்பாளியாவார். இரக்கத்தால் உதவப்போய் மறியலுக்குச் செல்லும் நிலையை எவரும் தாமாகத் தேடிக்கொள்ளலாகாது.

வருகை மண்டபத்தில் வங்கிகளின் நாணயமாற்றுக் கருமபீடங்களும் வாடகை வாகனக் கருமபீடங்களும் அமைந்துள்ளன. பணத்தை வங்கிக் கருமபீடத்தில் மாற்றிப் பற்றுச்சீட்டைப் பெற வேண்டும். வழியில் நெருங்கி வந்து கூடுதல் விலை தருவதாகக் கூறுவோரிடம் மாற்றுவது சட்டவிரோதமானது. அகப்படும் நாணயத்தாள் போலியாகவும் இருக்கலாம்.

இனி நகருக்குச் செல்லும் வழிகள். கொழும்புக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில் விமான நிலையம் அமைந்துள்ளது. 2013 ஒக்டோபரில் திறந்து வைக்கப்பட்ட 25.8 கிலோமீற்றர் நீளமான அதிவேக நெடுஞ்சாலை பேலியகொடையுடன் இதனை இணைக்கின்றது. ஜா-எல, வத்தளை ஊடாக ஊர்ந்து செல்ல வேண்டியிருந்த பயணம் இதனால் சுமார் அரை மணித்தியாலமாகக் குறைந்துள்ளது. முச்சக்கரவண்டிகளுக்கு இந்நெடுஞ்சாலையில் அனுமதி இல்லை. ஆகவே அவற்றில் ஏறுவோர் பழைய வீதியாலேயே செல்ல நேரிடும். கொழும்பு நோக்கிய 187 ஆம் இலக்க பஸ் சேவையே மிக மலிவானது. பஸ் புறப்படும் இடம் காலத்துக்குக் காலம் மாறியிருப்பதால், அது முனையத்தின் அருகிலிருந்தா அல்லது வெளியேயுள்ள அவரிவத்தை பஸ் நிலையத்திலிருந்தா என்பதை விசாரித்தறிதல் வேண்டும். புத்தளம் புகையிரதப் பாதையும் கட்டுநாயக்க ஊடாகவே செல்கின்றது. எனினும் சேவைகள் குறைவாதலால் பொதிகளுடன் வருவோருக்கு அது அவ்வளவாகப் பயன்படுவதில்லை.

வாடகை வாகனத்தை அமர்த்துவோர் மண்டபத்தினுள்ளே கட்டணத்தை உறுதிசெய்து சீட்டைப் பெற்ற பின்னரே வெளியேற வேண்டும். கைத்தொலைபேசிச் செயலி மூலம் அழைப்போர் வாகன இலக்கத்தைச் சரிபார்த்து ஏற வேண்டும். வாசலில் சூழ்ந்துகொண்டு பொதியைப் பறித்துத் தூக்காத குறையாக அழைப்போரின் பின்னால் சென்று, நடுவழியில் இரட்டிப்புக் கட்டணம் கோரப்பட்ட கதைகளை நாம் நிறையவே கேட்டிருக்கிறோம். உரிமையோடு 'வேண்டாம்' என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

எல்லோரும் கொழும்புக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. கொழும்பிலிருந்து புத்தளம் ஊடாக யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் செல்லும் பஸ் வண்டிகள் நீர்கொழும்புப் பக்கமாகவே செல்கின்றன. தலைநகர் சென்று மீண்டும் அதே வழியால் திரும்பும் வீண்செலவை இதனால் தவிர்க்கலாம். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியமர்ந்த முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதுவே நேர்வழி. தென்னிந்தியாவிலிருந்து வடக்குக்கு வருவோருக்கு, 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்ட பலாலி விமான நிலையம் வேறொரு வாசலாக அமைந்தது. கொரோனாத் தொற்றால் தடைப்பட்ட அதன் சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

போர்க் காலத்தில், குறிப்பாக 2001 ஜூலைத் தாக்குதலின் பின்னர், இவ்விமான நிலையத்துக்குச் செல்வதே தமிழ் பேசும் மக்களுக்கு அச்சந்தரும் அனுபவமாக இருந்தது. வழியெங்கும் சோதனைச் சாவடிகள், ஓயாத விசாரணைகள். அந்நிலை மாறிவிட்டது. ஆயினும் மொழி தெரியாத இடத்தில் கேள்வி கேட்கத் தயங்கும் மனநிலை நம்மவர்கள் பலரிடம் இன்னமும் எஞ்சியிருக்கின்றது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனவே அரச நிறுவனமொன்றில் தமிழில் விளக்கம் கேட்பது எவரிடமும் சலுகை கோருவதாகாது, அது உரிமையாகும்.

அந்த உரிமை ஏட்டுடன் நின்றுவிடாதிருக்க வேண்டும். நள்ளிரவு வேளையிலும் தமிழில் பதிலளிக்கக்கூடிய உத்தியோகத்தர் ஒருவர் வருகை மண்டபத்தில் இருப்பதையும், வாகனக் கட்டணமும் பஸ் நேரமும் மும்மொழிகளிலும் பிழையின்றிக் காட்சிப்படுத்தப்படுவதையும் அதிகாரிகள் உறுதிசெய்தல் வேண்டும். வெளிநாடு செல்வோருக்கு வேலைவாய்ப்புப் பணியகம் வழங்கும் பயிற்சியில், திரும்பி வரும் வழியைப் பற்றிய ஒரு பாடமும் சேர்க்கப்படுமாயின் பெரும் பயன் விளையும். அந்நியச் செலாவணியை ஈட்டித் தருவோர் எனப் போற்றப்படும் இம்மக்கள், உழைத்த பணத்துடனும் குறையாத கண்ணியத்துடனும் தம் வீட்டு வாசலை அடைய வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.