கிரிவலப் பாதையில சைக்கிள் ஓட்ட 4,500 ரூபாய் மெரினோ சட்டை வேணுமா?

சைக்கிளுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்னு நம்ம சேனல்ல போட்ட வீடியோவுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணுக்கு மட்டும் விலாவாரியா பதில் சொல்லணும்னு தோணுச்சு. கேட்டவர் திருவண்ணாமலைக்காரர். மாசம் 22,000 ரூபாய் சம்பளம். விடியற்காலையில கிரிவலப் பாதையில ஒரு சுத்து சைக்கிள் ஓட்டிட்டு, அப்புறம் வேலைக்குப் போறவர். கூட ஓட்டுற நண்பர்கள் ஒவ்வொருத்தரா மெரினோ உல் டி-ஷர்ட் வாங்கிட்டாங்களாம். விலை 4,500. மூணு மாச "நோ காஸ்ட் இஎம்ஐ" இருக்கு, எடுத்துடலாமான்னு கேட்டிருக்கார்.

சட்டைக்கெல்லாம் இஎம்ஐயான்னு சிரிச்சிட்டுப் போயிடலாம். ஆனா ஒரு மாசச் சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்கு ஒரே ஒரு துணிக்குப் போகுதுன்னா, அந்தத் துணி என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் முடிவு எடுக்கணும்.

உல்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது உடம்பெல்லாம் குத்துற கம்பளிப் போர்வை. மெரினோ அந்த ரகம் இல்ல. நம்ம தலைமுடி சுமாரா 50லேருந்து 80 மைக்ரான் தடிமன் இருக்கும். சட்டைக்குப் போடுற மெரினோ இழை 17லேருந்து 20 மைக்ரான்தான். அவ்வளவு மெல்லிசா இருக்கறதால தோல்ல பட்டா வளைஞ்சு கொடுக்கும், குத்தாது. இது ஒரு தனி செம்மறி இனத்தோட கம்பளி. நம்ம திருவண்ணாமலைப் பக்கம் மேயுற "சென்னை சிவப்பு" ஆட்டுக்குக் கம்பளியே கிடையாது, வெறும் முடிதான், வளர்க்கறது கறிக்காக. மெரினோ கலந்த ஆடு தமிழ்நாட்டுல இல்லாம இல்ல. ஊட்டி பக்கத்துல சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்துல நீலகிரி ஆட்டோட கலந்து உருவாக்கின "சாண்டினோ" இருக்கு. கொடைக்கானல் மன்னவனூர் ஆட்டுப் பண்ணைக்கு டூர் போனவங்க "பாரத் மெரினோ"வைப் பாத்திருப்பீங்க. ரெண்டு ஊரும் மலை உச்சியில குளிர்ல இருக்குங்கறதைக் கவனிச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

கடையில விக்கிற மெரினோ துணிக்கு இழை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவுலேருந்து வருது. 2022 டிசம்பர் 29ல அமலுக்கு வந்த இந்தியா–ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தத்துல கம்பளிக்கான இறக்குமதி வரியையே எடுத்துட்டாங்க. ஆனா நீங்க கொடுக்குற 4,500ல கச்சாக் கம்பளியோட விலை ஒரு சின்னப் பங்குதான். நூல், நெசவு, தையல், பிராண்ட், கடை வாடகைன்னு மீதியெல்லாம் அதுக்கு மேல ஏறுது.

சரி, நல்லது என்ன? முதல் விஷயம் நாத்தம். பாலியஸ்டர் ஜெர்ஸி உடம்பு எண்ணெயைப் பிடிச்சு வச்சுக்கும். துவைச்சு வெயில்ல காயப்போட்டு எடுத்தாலும், போட்டு பத்து நிமிஷம் ஓட்டினா பழைய வாடை திரும்ப வரும். சைக்கிள் ஓட்டுறவங்க வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை இது. கம்பளி தன் எடையில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளயே இழுத்து வச்சுக்கும், தொட்டுப் பாத்தா ஈரம் தெரியாது. வாடையையும் அதே மாதிரி உள்ள பூட்டி வச்சுக்கும். பாலியஸ்டர் ஒரு சதவீதம்கூட உறிஞ்சாது. அதனால மெரினோ சட்டையை மூணு நாலு தடவை போட்டுட்டுத் துவைச்சாப் போதும். நிழல்ல காத்தாட மாட்டி வச்சா மறுநாள் போடலாம். (பாட்டி காலத்து மடி ஆசாரத்துல பட்டுக்கும் கம்பளிக்கும் தீட்டு இல்லன்னு ஒரு சலுகை உண்டு. மெரினோக்காரங்க அதை விளம்பரமா எடுத்துக்கலாம்.)

ரெண்டாவது, நனைஞ்சாலும் சூடு முழுசா போயிடாது. ஜவ்வாது மலையில ஜமுனாமரத்தூர் வரைக்கும் ஏறி வேர்த்துக் கொட்டி, அப்புறம் இறக்கத்துல காத்து அடிக்கும்போது பாலியஸ்டர் சட்டை ஐஸ் வச்ச மாதிரி முதுகுல ஒட்டும். மெரினோவுல அந்த நடுக்கம் குறைவு. மார்கழி விடியல்ல கிரிவலப் பாதையிலயும் இந்த வித்தியாசம் கொஞ்சம் தெரியும்.

ஆனா நம்ம ஊர்ல மார்கழி எத்தனை மாசம்?

சித்திரை, வைகாசியில திருவண்ணாமலை 40 டிகிரியைத் தொடுற ஊரு. நம்ம தோலோட சூடு சுமாரா 35. வெளிக்காத்து அதைவிடச் சூடா இருக்கும்போது, உடம்பு குளிர ஒரே வழி வேர்வை ஆவியாகிப் போறதுதான். ஒரு கிராம் வேர்வை ஆவியானா சுமாரா 580 கலோரி வெப்பத்தை (சாப்பாட்டுக் கணக்குல சொல்ற கிலோ கலோரி இல்ல, சின்ன கலோரி) எடுத்துட்டுப் போகும். சட்டை வேகமா காயணும், காத்து உள்ள புகுந்து வெளிய வரணும். இந்த இடத்துல சல்லடை மாதிரி இருக்குற மெல்லிசு பாலியஸ்டர்தான் ஜெயிக்கும். மெரினோ ஒரு அளவு வரைக்கும் ஈரத்தை வாங்கும். அதைத் தாண்டி வேர்த்தா கனத்துத் தொங்கும், காயறதுக்கும் நேரம் எடுக்கும். 1919ல டூர் டி பிரான்ஸ்ல மஞ்சள் ஜெர்ஸி முதல்முதலா கொடுத்தப்ப அது கம்பளிதான். நல்ல செயற்கை இழை வந்ததும் பந்தயக்காரங்க கம்பளியை விட்டுட்டாங்க. அவங்களுக்குக் காசு பிரச்சனை இல்ல, கனம்தான் பிரச்சனை.

மூணாவது, உழைப்பு. 150 ஜிஎஸ்எம் மெரினோ ரொம்ப மெல்லிசு. முதுகுப்பை வார் உரசுற தோள்பட்டையில சீக்கிரம் ஓட்டை விழும். அதனாலதான் பல கம்பெனி நைலான் கலந்து நெய்யுது. அது ஏமாத்து வேலை இல்ல, சைக்கிளுக்குக் கலப்புத்தான் நல்லது. ஆனா "மெரினோ"ன்னு பெரிசா போட்டுட்டு, உள்பக்க லேபிள்ல 20 சதவீதம்தான் கம்பளின்னு சின்னதா போட்டிருந்தா அது வேற கதை. வுல்மார்க் முத்திரைக் கணக்குப்படி "வுல்மார்க் பிளெண்ட்"னா குறைஞ்சது பாதியாவது கம்பளி இருக்கணும். லேபிளைப் படிக்காம பில் போடாதீங்க.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். வரி.

2025 செப்டம்பர் 22லேருந்து துணிக்கு ஜிஎஸ்டி மாறிடுச்சு. ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம். அதைத் தாண்டினா 18 சதவீதம். முன்னாடி 1,000 ரூபாய்க்கு மேல 12 சதவீதமா இருந்தது. அதாவது நடுத்தர விலைத் துணிக்கு வரி குறைஞ்சது, மெரினோ மாதிரி துணிக்கு ஏறிடுச்சு. அதே நாள்ல சைக்கிளுக்கு 12லேருந்து 5ஆ குறைச்சாங்க. சைக்கிளுக்கு 5, அதை ஓட்டுற சட்டைக்கு 18!

இந்த எல்லைக்கோட்டுல ஒரு வேடிக்கை இருக்கு. வரிக்கு முந்தின விலை 2,500ன்னா நீங்க கொடுக்கறது 2,625. அதே சட்டை 2,600ன்னா 3,068. நூறு ரூபாய் வித்தியாசம் 443 ரூபாயா ஆயிடுது. ஆகவே மெரினோ வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா, சீசன் முடிஞ்சு தள்ளுபடி வரும்போது விலை இந்தக் கோட்டுக்குக் கீழ இறங்குதான்னு பாருங்க.

இஎம்ஐ விஷயம். "நோ காஸ்ட்"னு சொன்னாலும் ப்ராசஸிங் ஃபீ, அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, கணக்குல காட்டுற வட்டிக்கும் ஜிஎஸ்டின்னு கார்டு பில்லுல வரும். ஃபீ 199ன்னு வச்சுக்கிட்டாலே வரியோட 235. நாலாயிரத்து ஐந்நூறுக்கு அது அஞ்சு சதவீதத்துக்கு மேல, அதுவும் வெறும் மூணு மாசத்துக்கு.

ஒரு ரைடுக்கு என்ன செலவுன்னு பாக்கலாம். இது என் அனுமானம், உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. 4,500 ரூபாய் மெரினோ 250 ரைடு தாங்கினா ஒரு ரைடுக்கு 18 ரூபாய். 800 ரூபாய் பாலியஸ்டர் 300 ரைடு தாங்கினா மூணு ரூபாய்கூட இல்ல. தினமும் துவைக்க சோப்பு, தண்ணின்னு இன்னும் ரெண்டு ரூபாய் சேர்த்தாலும் அஞ்சைத் தாண்டாது. மிச்சத்தை எஸ்ஐபியில போட்டா இருபது வருஷத்துல இவ்வளவு ஆகும்னு சொல்லி உங்களை அறுக்கப் போறதில்ல. ஒரு சட்டைக்காசுல யாரும் கோடீஸ்வரர் ஆகறதில்ல, குபேர லிங்கத்துக்கு முன்னாடி எத்தனை தடவை பர்ஸைத் தொட்டுக்கிட்டாலும்.

அதனால நண்பருக்கு என் பதில்: 14 கிலோமீட்டர் சுத்து, ஓட்டி முடிச்சதும் வீட்ல குளியல்னா மெரினோ வேண்டாம். ரெண்டு நல்ல பாலியஸ்டர் ஜெர்ஸி எடுங்க, வெளிர் நிறத்துல. மெரினோ சட்டைகள் பெரும்பாலும் கருப்பு, கருநீலம்னுதான் வருது. விடியற்காலை இருட்டுல, வெறுங்காலோட நடக்குற பக்தர்களும் பஸ்ஸும் லாரியும் சேர்ந்து போற ரோட்டுல அது நல்லதில்ல. மிச்சக் காசுல முன்னாடி பின்னாடி லைட் மாட்டிக்கோங்க. பௌர்ணமி அன்னிக்கு சைக்கிளை வீட்ல விட்டுட்டு நடந்தே போங்க.

யாருக்கு வாங்கலாம்? பிரெவே ஓட்டுறவங்களுக்கு. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிஷம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி நேரம் கெடு. ராத்திரி முழுக்க ஒரே சட்டையில மழை, பனி, வேர்வை எல்லாம் பாக்கணும்னா 4,500 அதிகமில்ல. ஒரே பையோட மணாலி–லே போறவங்களுக்கும், ஓட்டிட்டு அப்படியே ஆபீஸ்ல உக்காருறவங்களுக்கும் இது உதவும். முதல்ல ருசி பாக்கணும்னா மெரினோ சாக்ஸ் ஒரு ஜோடி எடுங்க. விலையும் கம்மி, வரியும் 5 சதவீதம். பாவப்பட்டவங்க இன்னொண்ணும் கேக்கணும்: ஆஸ்திரேலியாவுல ஈ மொய்க்காம இருக்க ஆட்டோட பின்பக்கத் தோலை அறுக்கற "மியூல்சிங்" பழக்கம் உண்டு. அது இல்லாததுன்னு சான்று போட்ட துணி கிடைக்குது.

வாங்கிட்டீங்கன்னா வீட்ல எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. துவைக்கிற கல்லும் பிரஷ்ஷும் இதுக்கு எமன். சுடுதண்ணியில போட்டுக் கசக்கினா அப்பா சட்டை பையன் சைஸுக்கு வந்துடும். சாதாரண சோப்புப் பவுடர்ல கறையைத் தின்னப் போடுற என்சைம், கம்பளியோட புரதத்தையும் சேர்த்துத் தின்னும். ஈஸி மாதிரி உல்லுக்கான லிக்விட் போட்டு, பச்சைத் தண்ணியில அலசி, முறுக்காம, நிழல்ல படுக்க வச்சுக் காயப்போடுங்க. பீரோவுல வைக்கிறதுக்கு முன்னாடி வேர்வை போகத் துவைச்சு வைங்க. அந்துப் புழு முதல்ல தேடி வர்றது வேர்வை பட்ட இடத்தைத்தான். கூடவே ரெண்டு அந்துருண்டை, துணியில படாம ஒரு ஓரமா.