பிரில்லியன்ட் மூவ் தேடுறீங்களா? லீ சேடோலோட 78-வது கல்லைப் பாருங்க

போன வீடியோவுக்கு வந்த கமென்ட்ல பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அடுத்த மல்டிபேக்கர் எது? அதுக்கு நேரடியா பதில் சொல்றதுக்கு முன்னாடி, ஒரு போர்டு கேம் பத்திப் பேசணும். ஷேர் மார்க்கெட் கடைசியில வரும், அவசரப்படாதீங்க.

விளையாட்டோட பேர் 'கோ'. சீனாவில் பிறந்தது, ஜப்பான்லயும் கொரியாவுலயும் இதையே தொழிலா ஆடுறவங்க இருக்காங்க. 19-க்கு 19 கோடு, 361 சந்திப்புகள். ஒருத்தருக்குக் கறுப்புக் கல், இன்னொருத்தருக்கு வெள்ளை. அதிக இடத்தை வளைச்சுப் போடுறவங்க ஜெயிச்சாங்க. யாரும் எதிர்பார்க்காத, ஆட்டத்தையே புரட்டிப் போடுற ஒரு கல்லுக்கு ஜப்பானியர்கள் 'மியோஷு'ன்னு பேர் வச்சிருக்காங்க.

இதுல பழைய கதை ஒண்ணு ரொம்பப் பிரபலம். 1846-ல் ஒசாகா பக்கம், ஷுசாகுங்கிற 17 வயசுப் பையன், கென்னான் இன்செகிங்கிற பெரிய ஆட்டக்காரரோட மோதினான். பார்த்துக்கிட்டிருந்த எல்லாரும் கென்னான்தான் ஜெயிப்பார்னு சொல்ல, அங்கிருந்த ஒரு டாக்டர் மட்டும் மறுத்தாராம். காரணம்? பையன் 127-வது கல்லை வச்சதும் கென்னானோட காது சிவந்து போச்சு. டாக்டருக்கு கோ பெருசா தெரியாது. ஆள் பதறுறார்னு தெரிஞ்சுது. அந்தக் கல்லுக்கு இன்னிக்கும் 'காது சிவக்க வச்ச கல்'னுதான் பேர்.

இப்போ 2016 மார்ச், சியோல். கூகுள் டீப்மைண்டோட ஆல்ஃபாகோ ப்ரோக்ராமும், 18 சர்வதேசப் பட்டம் வாங்கின லீ சேடோலும் மோதுற அஞ்சு ஆட்டத் தொடர். ஜெயிக்கிறவங்களுக்கு 10 லட்சம் டாலர். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, 5-0 இல்லேன்னா 4-1ன்னு தான் ஜெயிப்பேன்னு லீ நம்பிக்கையா இருந்தார்.

ரெண்டாவது ஆட்டத்துல ஆல்ஃபாகோ 37-வது கல்லை ஓரத்திலிருந்து அஞ்சாவது கோட்டுல வச்சது. வர்ணனையாளர்களே, தப்பா வச்சிருச்சோன்னு சந்தேகப்பட்டாங்க. ஏன்னா மூணாவது கோடு இடம் பிடிக்க, நாலாவது கோடு செல்வாக்குக்கு. அஞ்சாவதுல அப்படி வச்சா எதிராளிக்கு நாலாவது கோட்டு இடத்தைத் தூக்கிக் கொடுக்கிற மாதிரி. லீ பத்து நிமிஷத்துக்கு மேல யோசிச்சுத்தான் பதில் கல் வச்சார். ஒரு மனுஷர் இந்த இடத்துல வைக்கிற வாய்ப்பு 10,000-ல் ஒண்ணுன்னு ப்ரோக்ராமே கணக்குப் போட்டிருந்தது. தெரிஞ்சேதான் வச்சது. அந்த ஆட்டத்தை ஜெயிச்சது, மூணாவதையும் ஜெயிச்சது. தொடர் அங்கேயே முடிஞ்சுது.

நாலாவது ஆட்டம், மார்ச் 13. லீ 0-3. இந்த ஆட்டத்திலும் பின்தங்கியிருந்தார், கடிகாரத்துலயும் அவருக்குத்தான் நேரம் கம்மி. நிறைய யோசிச்சு, போர்டோட நடுவுல, ரெண்டு கறுப்புக் கல்லுக்கு இடையில ஆப்பு அடிக்கிற மாதிரி 78-வது கல்லை வச்சார். சீனாவோட பெரிய ஆட்டக்காரர் கு லி அதைக் 'கடவுளோட கை'ன்னே சொன்னார். ஆல்ஃபாகோ 79-ல் தப்பான பதில் கொடுத்தது. இதுதான் சுவாரஸ்யம்: அந்த நேரத்துல தன்னோட ஜெயிக்கிற வாய்ப்பு சுமார் 70%ன்னு அது நினைச்சுக்கிட்டிருந்தது. 87-வது கல் வாக்குலதான் அந்த எண் மடமடன்னு சரிஞ்சுது. அதுக்கப்புறம் சின்னப் பிள்ளை கூட வைக்காத இடத்துலயெல்லாம் கல் வச்சுப் பார்த்துட்டு, தோல்வியை ஒத்துக்கிச்சு. விட்டதைப் பிடிக்கிற வெறி மெஷினுக்கும் வருதுன்னு எனக்கு அப்போ சிரிப்புத்தான் வந்தது.

பிறகு அலசிப் பார்த்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்ன கண்டுபிடிச்சாங்க தெரியுமா? 78-க்குச் சரியான பதில் இருந்தது. அது கிடைச்சிருந்தா லீயோட கல் பலிச்சிருக்காது. அதனால அந்தக் கல்லோட மதிப்பு குறையலை. பின்தங்கின நிலையில, எதிராளியைச் சிக்கலுக்குள்ள இழுக்கிறதுதான் அவருக்கு இருந்த ஒரே வழி. சரியான நேரத்துல சரியான ரிஸ்க். ஆனா பலிச்சதுக்கு எதிராளி தப்பு பண்ணதும் ஒரு காரணம்.

ஆல்ஃபாகோ முன்னாடி இருக்கும்போது எப்படி ஆடும்னு பாருங்க. அதுக்கு எத்தனை புள்ளி வித்தியாசத்துல ஜெயிக்கிறோம்ங்கிறது முக்கியமில்லை, ஜெயிக்கிற வாய்ப்பு மட்டும்தான் கணக்கு. அதனால ஆட்டம் கையில இருக்கும்போது சாதுவான, கொஞ்சம் மந்தமான கல்லா வைக்கும். கொரியாவோட லீ சாங்-ஹோவும் இதே ரகம். 'கல் புத்தர்'னு பட்டப்பேர். அதிரடியே கிடையாது, கடைசியில அரைப் புள்ளியில ஜெயிச்சு எழுந்து போவார். ஒரே ஆட்டத்துல மூணு மியோஷு வச்சா தோத்துடுவேன்னு கோ உலகத்துல ஒரு பழமொழியே இருக்கு. அதிரடி அடிக்கடி தேவைப்படுதுன்னா, ஆட்டம் ஏற்கெனவே கெட்டுப் போயிருக்குன்னு அர்த்தம்.

இப்போ உங்க விஷயம். 26 வயசு, மாசச் சம்பளம், முன்னாடி முப்பது வருஷம். நீங்க 0-3ல் இல்லை. அப்புறம் எதுக்கு முதல் சம்பளத்துலேயே 78-வது கல்லைத் தேடணும்? ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்ல 2021-22 முதல் 2023-24 வரை மூணு வருஷத்துல, தனிநபர் டிரேடர்கள்ல 93% பேர் நஷ்டப்பட்டாங்கன்னு செபி 2024 செப்டம்பர்ல சொன்னது. தலைக்குச் சராசரி சுமார் 2 லட்சம் ரூபாய், செலவும் சேர்த்து. ஜெயிச்ச 7%-ல் சிலர்தான் உங்க ஃபீடுல ஸ்க்ரீன்ஷாட் போடுறாங்க. எதிராளி 79-ல் தப்பு பண்ணதால ஜெயிச்சவங்க அதுல எத்தனை பேர்னு ஸ்க்ரீன்ஷாட்ல தெரியாது.

எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ், மாசாமாசம் எஸ்ஐபி. மூணும் மந்தமான கல்தான், யாரோட காதும் சிவக்காது.

ஏற்கெனவே டிரேட் பண்ணி நஷ்டமாகியிருந்தா ஒண்ணு மட்டும் கவனிங்க. அது பிசினஸ் நஷ்டம், ஐடிஆர்-1 போதாது, ஐடிஆர்-3 போடணும். கெடு தேதிக்குள்ள தாக்கல் பண்ணினாத்தான் எட்டு வருஷம் வரை அதை முன்னோக்கிக் கொண்டு போக முடியும். சம்பளத்துல கழிக்க முடியாது. இதைப் படிப்படியா அடுத்த வீடியோவுல போட்டுக் காட்டுறேன். சந்தேகம் இருந்தா இப்பவே கமென்ட்ல போட்டு வைங்க.