கழுத்தில் அடிபட்ட பிறகு: எப்போது ஓய்வு, எப்போது அசைவு?



போன வருடம் ஜெலுத்தோங்கில், சமிக்ஞை விளக்கில் நின்றிருந்த என் காரைப் பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. பெரிய சேதமில்லை. ஆனால் மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்பவே முடியல. "அசையாம படு, கோடாலித் தைலம் தேய்ச்சு விடுறேன்" என்றார் அம்மா. படுத்தே கிடந்தேன். நான்காம் நாள் கழுத்து இன்னும் இறுகிப்போயிருந்தது.

பலரும் செய்கிற தவறுதான் இது. கழுத்தின் ஏழு எலும்புகளும் சுற்றியுள்ள தசைகளும் சுமார் 5 கிலோ எடையுள்ள தலையைத் தாங்குகின்றன. அசையாமல் வைத்தால் தசை பலமிழக்கும். திருப்பினால் வலிக்குமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். வாகன மோதலில் வரும் கழுத்துக் காயங்களைப் பற்றிய ஆய்வுகளை அலசிய கனடாவின் கியூபெக் நிபுணர் குழு, 1995-இல் இதைத்தான் சொன்னது: எலும்பு முறியாதவர்கள் கழுத்துப் பட்டையோடு நெடுநாள் இருப்பதைவிடச் சீக்கிரம் அசையத் தொடங்குவது நல்லது. ஆகவே முதலில் மருத்துவரைப் பாருங்கள். எலும்புக்கு ஆபத்தில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் பயிற்சி.

பயிற்சி என்றதும் பயந்துவிடாதீர்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலி தொடங்கும் இடம் வரைக்கும் மட்டும் தலையை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். அடுத்து, குனியாமல் முகவாயைப் பின்னோக்கி இழுத்து ஐந்து விநாடி வைத்து விடுங்கள். சில நாள் கழித்து, நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலை நகராதபடி இலேசாக அழுத்தலாம். ஐந்தாறு முறை போதும். ஒரேயடியாகச் செய்வதைவிட ஒரு நாளில் பல தடவை செய்வதே பலன் தரும். செய்யும்போது கொஞ்சம் இறுக்கம் தெரிந்து, சற்று நேரத்தில் அடங்கிவிட்டால் பரவாயில்லை. வலி கைக்குள் இறங்கினாலோ விரல் மரத்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சை செய்தவர்கள் கதை வேறு. டிஸ்க்கை எடுத்துவிட்டு எலும்புகளை இணைத்திருந்தால், அவை ஒட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை நடைதான் முதல் பயிற்சி. கர்ப்பால் சிங் சாலையின் கடலோரத்தில் காலையில் பத்து நிமிடம் நடந்தாலே போதும். கழுத்துப் பயிற்சியை எப்போது தொடங்குவது என்பதை அறுவை மருத்துவரும் பிசியோதெரப்பி நிபுணரும்தான் முடிவு செய்ய வேண்டும். கட்டுரைப் புத்தகக் கட்டைத் தூக்குவதற்கும் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் 'சடக்'கென்று முறிப்பார்களே, அடிபட்ட கழுத்துக்கு அது வேண்டவே வேண்டாம். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

குணமாகி வரும்போது நம் தொழிலே திரும்பக் கெடுக்கும். தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் ஏறும் பாரம் சுமார் 27 கிலோ என்று அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் ஒருவர் 2014-இல் கணினி மாதிரியில் கணக்கிட்டார். கட்டுரை திருத்தும்போது சாய்வுப் பலகை வைத்துக்கொள்ளுங்கள். நான் பழைய கோப்புகளை அடுக்கிச் சமாளிக்கிறேன். மாணவர்களே, கைப்பேசிக்கும் இதே கணக்குதான்.

சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் கட்டுப்பாட்டில் இல்லை என்றால் பயிற்சியெல்லாம் அப்புறம். அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.