பிரேக் இல்லாத ஜாவா

அல்சூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் அப்பா காலத்து ஜாவா ஒன்று இன்னும் ஓடுகிறதாம். செக் நாட்டுப் பழைய புகைப்படம் ஒன்றில் அதே பெயர் எழுதிய வேறொரு வண்டியைப் பார்த்திருக்கிறார். எலும்பும் தோலுமான வண்டி. கைப்பிடியில் பிரேக் லீவர் கிடையாது, காலடியில் பிரேக் மிதியும் கிடையாது. விளக்கு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. "பாதி கழற்றிப் போட்ட வண்டியா, இல்லை இப்படியேதான் ஓடுமா?" என்பது அவர் கேள்வி.

இப்படியேதான் ஓடும். ஓடுவது மட்டுமல்ல, உலகப் பட்டங்களை வென்றதும் இப்படித்தான். ஸ்பீட்வே என்ற பந்தயத்துக்கென்றே செய்த வண்டி அது.

மைசூரு ஜாவாவின் கதை பெங்களூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 1961இல் ஐடியல் ஜாவா தொழிற்சாலை தொடங்கியது, பிறகு யெஸ்டி என்று பெயர் மாறியது, கியர் லீவரையே கிக்கராகவும் மாற்றிக்கொள்ளும் அந்த அமைப்பு, 1996இல் ஆலை மூடியது எல்லாவற்றையும் இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜூலை மாதம் பெங்களூரில் அந்த வண்டிக்காரர்கள் ஒன்றுகூடும்போது எழும் டூ ஸ்ட்ரோக் புகையே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். ஆனால் அதே பெயருக்கு இன்னொரு கிளை உண்டு. பிராகாவுக்குத் தென்கிழக்கே திவிஷோவ் என்ற சிற்றூரில் யாரோஸ்லாவ் சிமாந்தல் என்ற பந்தய வீரர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஈசோ என்ற பெயரில் 500 சிசி பந்தய வண்டிகளைச் செய்யத் தொடங்கினார். அதுவரை ஸ்பீட்வேயை ஆண்டது ஜாப் என்ற ஆங்கிலேய எஞ்சின். 1964இல் ஈசோ ஜாவாவோடு சேர்ந்தது. சில ஆண்டுகளிலேயே ஜாப் பின்தள்ளப்பட்டது. நியூசிலாந்தின் ஐவன் மாகர் 1968, 69, 70 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலகப் பட்டம் வென்றது ஜாவா மேல்தான். மூன்றாவது முறையும் வென்றால் வண்டிக்குத் தங்க முலாம் பூசித் தருகிறோம் என்று அமெரிக்க ரசிகர்கள் இருவர் வாக்குக் கொடுத்திருந்தார்கள். வாக்கைக் காப்பாற்றினார்கள். அந்தத் தங்க ஜாவா அவர் பிறந்த கிரைஸ்ட்சர்ச் நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பந்தயத்தின் விதிகள் எளிமையானவை. நீள்வட்ட மண் பாதை, 260 மீட்டரிலிருந்து 425 மீட்டர் வரை சுற்றளவு. நான்கு பேர், நான்கு சுற்று, இடப்பக்கமாக மட்டுமே திரும்ப வேண்டும். முதலில் வருபவருக்கு மூன்று புள்ளி, அடுத்து இரண்டு, ஒன்று, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. ஒரு பந்தயம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வண்டிக்கு ஒரே சிலிண்டர், 500 சிசி, கியர் மாற்றும் வசதி இல்லை, எடை குறைந்தது 77 கிலோ. நம் தெருவில் ஓடும் ஸ்கூட்டர்களே 100 கிலோவைத் தாண்டுகின்றன. இந்த எலும்புக்கூட்டில் இருப்பதோ 70 குதிரைத் திறனுக்கு மேல். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரை எட்ட மூன்று விநாடிகூட ஆவதில்லை.

இத்தனை வேகத்துக்கு ஏன் பிரேக் இல்லை? பாதுகாப்புக்காகத்தான். நான்கு வண்டிகள் ஒன்றையொன்று உரசுகிற தூரத்தில் பக்கவாட்டில் சறுக்கியபடி வளைவுக்குள் போகின்றன. முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வரும் மூவருக்கும் ஒதுங்க வழியில்லை. யாரிடமும் பிரேக் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பதுதான் அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் காவல். வேகத்தைக் குறைக்க ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துவார்கள். எஞ்சினின் இழுப்பும் மண்ணின் உராய்வும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். விழுந்துவிட்டால் மணிக்கட்டில் கட்டிய கயிறு இழுபட்டு எஞ்சின் அணைந்துவிடும்.

என்னை இந்த வண்டியின்மேல் பித்துப் பிடிக்க வைத்தது அது வளைவைக் கடக்கும் விதம். இடப்பக்கம் திரும்ப வேண்டும், ஆனால் முன் சக்கரம் வலப்பக்கம் திரும்பி நிற்கும். படத்தில் பார்த்தால் அடுத்த கணம் ஆள் வேலியில் போய் மோதுவார் என்று தோன்றும். மோதுவதில்லை. சிறுவயதில் எங்கள் ஊர்ப் பக்கம் காவிரியில் தோணியில் அக்கரைக்குப் போவோம். தோணிக்காரர் மூக்கை நேரெதிர்த் துறைக்கு வைக்கமாட்டார், நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கிச் சாய்த்து வைப்பார். தோணி பார்ப்பது ஒரு திசை, போவது வேறு திசை. ஸ்பீட்வே வண்டியும் அப்படித்தான். அதன் உடல் வட்டத்தின் உள்பக்கம் பார்த்திருக்கும், அது போவது வளைவின் வழியே. முன் சக்கரம் மட்டும் போகிற திசையைப் பார்த்து நிற்கும். வண்டியின் உடலோடு ஒப்பிடும்போது அது வலப்பக்கம் திரும்பியதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இதற்குள் இருக்கும் இயற்பியல் அழகானது. ஒரு டயர் தரையைப் பிடிக்கும் பிடிக்கு எல்லை உண்டு. அந்தப் பிடியை முன்னே தள்ளவும் செலவழிக்கலாம், பக்கவாட்டில் நழுவாமல் இருக்கவும் செலவழிக்கலாம். ஆனால் மொத்தக் கையிருப்பு ஒன்றுதான். வளைவின் வாயில் வீரர் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது பின் சக்கரம் தரை வேகத்தைவிட அதிகமாகச் சுழல்கிறது. பக்கவாட்டுப் பிடிக்கு மிச்சமே இல்லாமல் போகிறது. வண்டியின் பின்பாகம் வெளிப்பக்கம் வழுக்கிப் போய், உடல் உள்பக்கம் பார்க்கிறது. இப்போது எஞ்சின் தள்ளுவதில் ஒரு பங்கு வட்டத்தின் மையத்தை நோக்கி. சாதாரண வண்டியில் நம்மை வளைவுக்குள் இழுத்து வைப்பது டயரின் பக்கவாட்டுப் பிடி. இங்கே அந்த வேலையில் ஒரு பங்கை எஞ்சினே செய்கிறது. அதாவது வண்டியைத் திருப்புவது ஹேண்டில்பார் இல்லை, ஆக்ஸிலேட்டர். சறுக்கலைக் கூட்ட முறுக்க வேண்டும், குறைக்கத் தளர்த்த வேண்டும், அதுவும் மயிரிழை அளவில்.

பயந்துபோய் முழுவதும் தளர்த்தினால்தான் ஆபத்து. சுழன்றுகொண்டிருந்த பின் சக்கரம் சட்டென்று தரையைக் கவ்வும். பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்த வண்டி ஒரே உதறலில் நிமிர்ந்து ஆளை வெளிப்பக்கம் வீசிவிடும். இயல்பான அச்சம் எதைச் செய்யச் சொல்கிறதோ அதைச் செய்யாமலிருக்கக் கை பழக வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி தேவை.

இந்தச் சறுக்கலுக்குத் துணை, இடது காலில் மாட்டும் இரும்புச் செருப்பு. பூட்ஸின் அடியில் கச்சிதமாகப் பொருந்தும்படி வளைத்த எஃகுத் தகடு, மேலே வாரால் இறுக்கிக் கட்டியிருக்கும். வளைவுக்குள் நுழையும்போது இடது காலை நீட்டி அந்தத் தகட்டை மண்ணில் தேய்த்தபடி போவார்கள். அதைப் பிரேக் என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் முழு எடையை ஊன்றினால் கால் பின்னுக்கு இழுபட்டு முழங்கால் போய்விடும். அது மண்ணைத் தடவிப் பார்க்கும் உறுப்பு. தரை ஈரமாக இருக்கிறதா, இளகியிருக்கிறதா, வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கால் வழியாகத்தான் வீரருக்குத் தெரியும். வலது முழங்காலும் பாதமும் வண்டியைக் கவ்விப் பிடித்திருக்க, இடது கால் மட்டும் தனியாக மண்ணோடு பேசிக்கொண்டு போகும். ஹேண்டில்பாரும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. இடப்பக்கம் திரும்புவதற்கென்றே பிறந்த வண்டி.

எரிபொருள் மெத்தனால். பெட்ரோலைவிடச் சுமார் மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு ஆவியாவதால் எஞ்சினை உள்ளிருந்தே குளிர வைக்கும். அதனால் சிலிண்டருக்குள் அழுத்தத்தைத் தாராளமாகக் கூட்டலாம். செலவோ இரட்டிப்புக்கும் மேல். எரியும்போது பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது என்பதால் கையாளுவோர் மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பழைய நாட்களில் எஞ்சினுக்கு ஊற்றிய எண்ணெய் நம் விளக்கெண்ணெயின் வம்சம். ஆமணக்கு எண்ணெய் சூட்டைத் தாங்கும், மெத்தனாலோடு கலக்காத வேறு பல எண்ணெய்களைப் போலன்றி அதோடு இணங்கியும் போகும். அது எரிந்த மணத்தை அந்தத் தலைமுறை ரசிகர்கள் இன்றும் ஏக்கத்தோடு சொல்வார்கள். உலகிலேயே அதிகம் ஆமணக்கு விளைவிப்பது இந்தியா.

ஸ்பீட்வேயின் அண்ணன் லாங்ட்ராக். குதிரைப் பந்தயத் திடல்கள் போன்ற 1000 மீட்டர் அளவுள்ள நீண்ட மணல் பாதைகளில் நடப்பது. சட்டம் நீளமானது, கியர் இரண்டு, பிரேக் இங்கேயும் இல்லை. நேர்பாதையில் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிப் போய், அதே வேகத்தின் பெரும்பகுதியோடு சறுக்கி வளைவார்கள். இதன் தாய்வீடு ஜெர்மனி. ஹெர்க்ஸ்ஹைம் என்ற ஊரில் இயேசு விண்ணேற்ற நாளன்று மணல் பந்தயம் நடப்பது பழைய மரபு. லாங்ட்ராக்கின் முதல் உலகப் பட்டப் போட்டி 1971இல் ஆஸ்லோவில் நடந்தது. வென்றவர் அதே ஐவன் மாகர். பிறகு ஜெர்மனியின் கெர்ட் ரீஸ் எட்டு முறை வென்றார். ஜெர்மனியின் ஏகான் முல்லர் லாங்ட்ராக்கில் மூன்று பட்டம் பெற்றதோடு 1983இல் ஸ்பீட்வே பட்டத்தையும் தூக்கினார். இரண்டிலும் உச்சம் தொட்டவர்கள் வெகு சிலர்.

ஸ்பீட்வேயின் பிறப்பு 1923 டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மைட்லண்டில் ஒரு விவசாயக் கண்காட்சித் திடலில் என்பார்கள். 1928இல் லண்டனுக்கு அருகே ஹை பீச்சுக்கு வந்தது, 1936இல் வெம்ப்ளியில் முதல் உலகப் பட்டம். இன்று அதன் தலைநகரம் போலந்து. 1973இல் ஹோஜுஃப் நகரில் நடந்த இறுதிப் போட்டியை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நேரில் பார்த்தார்கள். அவர்கள் கண் முன்னே போலந்துக்காரர் யெஜி ஷ்சாகியெல் மாகரை வீழ்த்தி வென்றார். அண்மைக்கால வேந்தர் பார்தோஷ் ஸ்மர்ஸ்லிக்கும் போலந்துக்காரரே. 2019இல் தொடங்கி 2024க்குள் ஐந்து பட்டம்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒரு வருத்தம் வரும். ஜாவாக்களும் யெஸ்டிகளும் இங்கிருந்து 150 கிலோமீட்டருக்குள் இருக்கும் மைசூருவில் முப்பத்தைந்து ஆண்டுகள் செய்யப்பட்டன. ஓட்டத் தெரிந்தவர்களும், எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும் மெக்கானிக்குகளும், எந்த உதிரிபாகத்தையும் தேடி எடுத்துத் தரும் ஜே.சி. ரோடும் இங்கே உண்டு. சென்னைக்கு அருகே சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்க்க இங்கிருந்து கூட்டம் கூட்டமாகப் போன தலைமுறை இன்னும் இருக்கிறது. ஆனால் மண்ணில் சறுக்கும் கலை மட்டும் நம்மை வந்து சேரவில்லை.

இப்போதுதான் மெல்ல வருகிறது. பெங்களூர்க்காரர் சி.எஸ். சந்தோஷ் 2015இல் டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியர். கோலார் பக்கம் அவர் அமைத்த பிக் ராக் டர்ட் பார்க்கில் ராயல் என்ஃபீல்டின் சறுக்கல் பள்ளி நடந்திருக்கிறது. ஹிமாலயன் எஞ்சின் பொருத்திய வண்டிகளில் நீள்வட்ட மண் பாதையில் சுற்றக் கற்றுத் தந்தார்கள். அது அமெரிக்காவின் ஃப்ளாட் ட்ராக் முறை, பின் பிரேக் உண்டு. ஸ்பீட்வேக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். இரும்புச் செருப்பு அங்கேயும் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் அதைக் கட்டிக்கொண்டு செம்மண்ணில் கால் நீட்டும் படத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அதே வயதுப் பிள்ளைகள்தான் ராத்திரியில் ஃப்ளைஓவர்களில் வீலிங் செய்து போலீசிடம் மாட்டுகிறார்கள். வண்டியைப் பறிமுதல் செய்கிறோம், பெற்றோரைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறோம். செய்ய வேண்டியதுதான், அடுத்தவர் உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் வேறு எங்கே போய் ஓட்டுவது என்று அந்தப் பையன் திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. பதினாறு வயதுக் கைக்கு வண்டியைச் சாய்த்துப் பார்க்கும் ஆசை இருக்கும். டென்மார்க்கிலும் போலந்திலும் அந்த ஆசைக்குப் பள்ளிப் பருவத்திலேயே இடம் கொடுக்கிறார்கள். சின்ன வயதில் 50 சிசி வண்டி, பிறகு 80 அல்லது 85, அடுத்து 250, கடைசியில் 500. ஒவ்வொரு படியிலும் கழகம் உண்டு, பயிற்சியாளர் உண்டு, அதட்டிக் கூப்பிடும் பெரியவர் ஒருவர் உண்டு.

ஸ்பீட்வேயை ஆபத்தில்லாத விளையாட்டு என்று சொல்லமாட்டேன். 2015இல் ஆஸ்திரேலியாவின் டார்சி வார்ட் போலந்தில் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாதவரானார். அப்போது அவருக்கு வயது 23. ஆனாலும் சாலையில் சாகும் பிள்ளைகளின் எண்ணிக்கையை நினைத்தால், ஹெல்மெட்டும் டாக்டரும் ஆம்புலன்சும் உள்ள மூடிய திடல் எவ்வளவோ மேல் என்றுதான் மறுபடியும் தோன்றுகிறது.

ஒரு திடலுக்கு என்ன வேண்டும்? கார் பந்தயப் பாதையைப் போல ஏக்கர் ஏக்கராக நிலம் வேண்டாம். சிறிய ஸ்பீட்வே பாதை பள்ளி ஓட்டப் பந்தயத்தின் 400 மீட்டர் பாதைக்குள்ளேயே அடங்கிவிடும். மேல்மண்ணுக்குப் பல நாடுகளில் கருங்கல் தூளும் களிமண்ணும் கலக்கிறார்கள். பெங்களூரைச் சுற்றியுள்ள கல் குவாரிகளில் தூள் மலைபோலக் கிடக்கிறது. பந்தயத்துக்குப் பந்தயம் மண்ணைச் சமன்செய்ய ஒரு டிராக்டர், தூசி அடங்க ஒரு தண்ணீர் லாரி. பெரிய செலவு வளைவுகளில் வைக்கும் காற்றடைத்த மெத்தை வேலிக்குத்தான். யாராவது முன்வந்து கட்டினால் நிலத்துக்கும் மேடைக்கும் முன்னால் அதற்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும். சிமென்ட் சுவரைக் கட்டிவிட்டு டயரை அடுக்கிச் சமாளிக்கலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது.